இரண்டடிக் கண்மாய்

அன்சாரி முதலில் காட்டியது
கொப்புளம் விட்டுத் திறந்து மூடும் புதையல் பெட்டி.
வேண்டாம் என்றேன்.
"ஃபில்டராவது பெருசாப் போடுங்கண்ணே,
தண்ணி சுழண்டு ஓடுனாத்தான் மீனு நிக்கும்."

எட்டு மணி நேரமும் தண்ணீரைத் தள்ளுகிற வேலை எனக்கு.
நாற்பது குதிரைசக்தி மோட்டார்
சோற்றுக்குள் இரையும், தூக்கத்திலும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
வெறும் கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்து
ஷேர் ஆட்டோவில் ஆனையூர் வந்தேன்.

மாதிரி ஏற்கெனவே இருந்தது:
குலமங்கலம் கண்மாயில், கலுங்குக்கு எதிர் மூலை.
மறுகால் பாயும்போதும் அந்த இடம் அசையாது.
ஒரு கருவேலமரம் இடுப்பளவு நீரில் நிற்கும்.
ஒரு ஞாயிறு முழுக்கக் குந்தியிருந்து
பம்ப் ஹவுஸ் லாக்புக்கில் கிழித்த தாளில் வரைந்தேன்,
வேர் எங்கே, நிழல் எதுவரை,
எவ்வளவு தூரத்துக்கு ஒன்றுமே இல்லை.
ஆடு மேய்த்தவர் கேட்டார்: "சர்வேயா?"
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடியில் சலித்த கரம்பை, மூன்று விரல் கனம்.
மேலே மணல்,
பக்கத்துத் தெருவில் எழும்பும் வீட்டில் கேட்டு வாங்கிய ஒரு சட்டி.
எம்சாண்டா என்று உள்ளங்கையில் தேய்த்தேன்.
ஆற்று மணல்தான்.
எங்கிருந்து வந்தது என்று
மேஸ்திரியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கருவேலங் கிளையை இட்லிக் கொப்பரையில் அவித்த அன்று
பாக்கியம் என்னோடு பேசவில்லை.
கிளையின் நுனி தொட்டிக்கு வெளியே ஒரு சாண் நீட்டியது.
வெட்டச் சொன்னாள், மறுநாள்.
சோம்பலில் விட்டேன்.

போர் தண்ணீர் உப்பு.
குழாய்த் தண்ணீரில் குளோரின்; கலக்குகிறவனே நான், அளவு தெரியும்.
மூன்று குடம் பிடித்து இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்து,
மண் கலங்காமல் ஒரு தட்டின்மேல்
டம்ளர் டம்ளராக ஊற்றினேன்.
ஒரு மணி நேரத்தில் ஒரு வார்டையே நிரப்புகிறவனுக்கு
அந்தத் தொட்டி நிரம்ப
ஒரு சாயங்காலம் ஆயிற்று.

வேலம்பாசி. கொட்டி. உதிர்ந்த வாதாமர இலை நாலு.
ஆறாம் நாள் கஞ்சி போல வெளுத்தது.
"கொட்டிட்டு மணி பிளாண்ட் வைங்க."
கொட்டவில்லை. தொடவும் இல்லை.
பன்னிரண்டாம் நாள் தானே தெளிந்து
டிகாஷன் நிறத்தில் நின்றது.

முண்டக்கண்ணி ஆறு விட்டேன்.
உச்சந்தலையில் ஆளுக்கொரு வெள்ளிப் பொட்டு.
எங்கும் போக வேண்டியதில்லை என்பதுபோல
மேல்மட்டத்தில் அப்படியே கிடந்தன.

பிறகு ஆறு ஐந்தானது.
ஐந்து, நான்கு.
செத்து மிதந்த மீனும் இல்லை.

நடுராத்திரி டார்ச் அடித்தேன்.
கொட்டித் தண்டில் தண்டு நிறத்தில் ஒரு பூச்சி
தாடையைக் கைபோல நீட்டி
மடக்கிக்கொண்டது.
பாசியோடு வந்திருக்கிறது.
நான் வரைந்த தாளில் இல்லாதது.
டீ வடிகட்டியைத் தேடினேன்;
அது பாக்கியத்தின் கையில் இருந்தது.
"கண்மாய்ல என்ன இருக்கோ அதான் வேணும்னீங்க?"

வடிகட்டியில் மீன்களை அள்ளிக் குடத்தில் விட்டாள்.
பூச்சிக்குத் தொட்டி. மீனுக்குக் குடம்.
யாருக்காகக் கட்டினேன் என்று தெரியாமல்
இரண்டு வாரம் வேலைக்குப் போய் வந்தேன்.
பாக்கியம் அதற்குக் கொசுப்புழு பிடித்துப் போட்டாள்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு விடியலில்
காதுக்குள் இன்னும் மோட்டார் ஓட
கதவைத் தள்ளினேன்.
சித்திரைப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு
ஜன்னலையும் சாத்திவிட்டு
வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தாள்.

கிளை நுனியில்
முதுகு வெடித்த கூடு.
அதற்கு ஒரு விரல் மேலே
தட்டான்.
இறக்கை இன்னும் காயவில்லை.

"காத்து வந்துரும்," என்றாள்,
"கதவை மெல்லச் சாத்துங்க."